தறி ஏழு நின்றது

சோமனூரில் என் தாய்மாமாவின் தறிக்குடோனில் பன்னிரண்டு விசைத்தறிகள் ஓடுகின்றன. ஒவ்வொரு தறியின் கிராங்க் தண்டிலும் ஒரு சிறு காந்தத்தை ஒட்டி, எதிரே சட்டத்தில், காந்தம் அருகே வந்தால் இணையும் ஒரு ரீட் சுவிட்ச் பொருத்தியிருக்கிறேன். தண்டு ஒரு சுற்றுச் சுற்றினால் நாடா ஒருமுறை குறுக்கே ஓடும். அது ஒரு பிக். பன்னிரண்டு சுவிட்சுகளின் ஒயர்களும் அர்டுயினோ ஊனோ என்ற, நிரல் எழுதி இயக்கும் சிறு மின்னணுப் பலகைக்கு வருகின்றன. அந்தப் பலகையில் 2 முதல் 13 வரை பன்னிரண்டு முனைகள் கிடைத்தது அளவெடுத்துச் செய்ததுபோல அமைந்துவிட்டது. நிமிடத்துக்கு ஒருமுறை தறிக்கு ஒரு வரி வீதம் பலகை அனுப்பும். பழைய வைஃபை ரவுட்டர் ஒன்று அதை வாங்கிச் சேமிக்கும். ஷிஃப்ட் முடிவில் எந்தத் தறி எத்தனை பிக் ஓடியது, எத்தனை நிமிடம் நின்றது என்பதைக் குடோனில் இருப்பவர்கள் தங்கள் கைப்பேசியிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

நீளவாக்கில் ஓடும் பாவு நூலையும் குறுக்கே ஓடும் ஊடை நூலையும் ஜவுளி உற்பத்தியாளர் தருகிறார். மாமா நெய்து, வெளுக்காத காடா துணியாகத் திருப்பித் தருகிறார். கூலி மீட்டர் கணக்கில். தறி நின்ற நேரத்துக்குக் கூலி கிடையாது. ஆள் சம்பளமும் குடோன் வாடகையும் மட்டும் நிற்பதில்லை. ஆகவே நின்ற நிமிடக் கணக்கு அவருக்கு வயிற்றுப்பாட்டுக் கணக்கு.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை அழைத்தார். "மாப்பிள்ளை, ஏழாம் தறியில் பாவு தீர்ந்து இரண்டு மணி நேரமாக நிற்கிறது. உங்கள் பெட்டியோ ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை என்று காட்டுகிறது. ஒரு நடை வந்து பாருங்கள்."

அலுவலகத்திலிருந்து நேராகப் பஸ் ஏறிவிட்டதால் மடிக்கணினி கையில் இல்லை. குடோனுக்குள் பதினொரு தறிகளின் சத்தத்தில், பஞ்சுத்தூசி படிந்த சுவிட்ச் போர்டுக்குக் கீழே உட்கார்ந்து, கைப்பேசி வழியாகவே ரவுட்டருக்குள் நுழைந்தேன். ஏழாம் தறியின் வரிகள் சரியாகத்தான் வந்திருந்தன. தறி எண் 07, பிக் 000, கடைசியில் நின்றதைக் குறிக்கும் எஸ் எழுத்து. ஓடும் தறிகளுக்கு அந்த இடத்தில் ஆர். கண்ணுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. ஆனால் எஸ் என்று முடியும் வரிகளை எண்ணச் சொன்னால், வரிகளைப் படித்துக் கணக்குப் போடும் ஆக் (awk) நிரல் பூஜ்யம் என்கிறது.

கண்ணுக்குத் தெரிவது சரி, கணக்குத் தவறு என்றால் கண்ணுக்குத் தெரியாத எழுத்து ஏதோ ஒளிந்திருக்கிறது என்று பொருள். அதைக் காட்டுவதற்கென்றே, கோப்பைத் திரையில் கொட்டிக் காட்டும் கேட் (cat) கட்டளையில் -வி (-v) என்று ஓர் ஆப்ஷன் உண்டு. தட்டினேன். அப்படி ஓர் ஆப்ஷன் இல்லை என்று பதில் வந்தது. கோப்பின் ஒவ்வொரு பைட்டையும் எண்ணாகக் காட்டும் ஹெக்ஸ்டம்ப்பைத் தட்டினேன். அப்படி ஒரு கட்டளையே இல்லை.

இரண்டையும் எடுத்தவன் நான்தான். அதற்கு ஒரு காரணம் இருந்தது.

அந்த ரவுட்டரில் ஃபிளாஷ் நினைவகம் 4 எம்பி, ரேம் 32 எம்பி. ரவுட்டர்களுக்கான லினக்ஸ் இயங்குதளமான ஓப்பன்டபிள்யூஆர்டி 19.07 ஓடுகிறது, இவ்வளவு சிறிய ரவுட்டர்களுக்கு வந்த கடைசி வரிசை அதுதான், அதன் ஆதரவும் 2022இல் முடிந்துவிட்டது. அதனால் இந்தப் பெட்டியை இணையத்தோடு இணைப்பதில்லை. குடோனுக்குள் மட்டும்தான் அதன் வைஃபை. ரவுட்டரின் பலகையில் சோதனைக்கென்று விட்டிருந்த நான்கு துளைகளில் ஊசிகளைப் பற்றவைத்து, அர்டுயினோவின் 5 வோல்ட்டை ஆயிரம் ஓம், இரண்டாயிரம் ஓம் மின்தடைகளால் 3.3க்கு இறக்கிக் கொடுத்திருக்கிறேன். (இதைச் செய்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: ரவுட்டர் எழும் நேரத்தில் அந்த ஊசியில் ஏதாவது வந்தால், யாரோ விசையைத் தட்டுகிறார்கள் என்று எண்ணி, பெட்டியை எழுப்பும் நிரலான பூட்லோடர் பாதியில் நின்றுவிடக்கூடும். மின்சாரம் வந்த பிறகு இரண்டு நிமிடம் வாய் திறக்கக் கூடாது என்று அர்டுயினோவுக்குச் சொல்லிவைத்திருக்கிறேன்.)

4 எம்பி என்பது அந்தச் சில்லில் 64 கேபி கொண்ட பிளாக்குகளாகப் பிரிந்திருக்கிறது. மொத்தம் 64 பிளாக். பூட்லோடருக்கு இரண்டு, வைஃபை அளவீட்டுத் தரவுக்கு ஒன்று போக, மீதி 61. இயங்குதளத்தின் மையமான கெர்னலும், கட்டளைகள் எல்லாம் சுருக்கி அடக்கிய ஸ்குவாஷ்எஃப்எஸ் பகுதியும் சேர்ந்து என் பெட்டியில் 56 பிளாக் எடுத்தன. எஞ்சிய ஐந்தில்தான் நம் அமைப்புகளும் நிரல்களும் இருக்கும். அந்தப் பகுதி ஜெஎஃப்எஃப்எஸ்2 என்ற கோப்பு முறையில் இயங்குகிறது. ஐந்து பிளாக்குக்குக் குறைந்தால் அதைத் திறக்க மாட்டேன் என்று கெர்னல் மறுத்துவிடும். நான்கு போதாது.

சென்ற ஆடியில் சில சிறு வசதிகளைச் சேர்த்தேன். தட்டிய கட்டளைகளை நினைவில் வைத்துக்கொள்ள ஒன்று, நேரத்தை நானோ நொடி வரை காட்ட ஒன்று, இன்னும் இரண்டு. எல்லாமே சில நூறு பைட்டுகள்தான். புதிதாக ஏற்றியதும் பெட்டி நன்றாகவே எழுந்தது. நிரல்களை எழுதிவைத்தேன், கணக்கு ஓடியது, ஊருக்குத் திரும்பினேன். இரண்டு நாள் கழித்து மின்சாரம் போய் வந்தபோது வைஃபை பெயர், கடவுச்சொல், தறிக்கணக்கு நிரல் எதுவுமே இல்லை. மறுபடி எழுதிக் கொடுத்தேன்; அடுத்த மின்தடையில் அதுவும் போயிற்று. அந்தச் சிறு வசதிகள் சேர்ந்து ஸ்குவாஷ்எஃப்எஸ்ஸை ஒரு பிளாக் எல்லையைத் தாண்டவைத்திருந்தன. 57 பிளாக் ஆனதால் மிஞ்சியது நான்கு. நிலையான இடம் கிடைக்காத பெட்டி ரேமில் தற்காலிக இடம் போட்டு ஓடிக்கொண்டிருந்தது. மின்சாரம் போனால் ரேமும் காலி.

நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணும் பெட்டிக்கு நானோ நொடி எதற்கு என்று அன்றே நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. பட்டியலில் இருந்தது, சிறியதாக இருந்தது, சேர்த்தேன். பிறகு வந்த அச்சத்தில் சேர்த்தவற்றோடு நில்லாமல் கையில் அகப்பட்ட எல்லாவற்றையும் வெட்டினேன். கேட் -வியும் ஹெக்ஸ்டம்ப்பும் அப்படிப் போனவை. எதை எடுத்தால் எவ்வளவு மிச்சம் என்று ஒருமுறைகூட அளந்து பார்க்கவில்லை.

இப்போது வெள்ளி இரவு, அளவுகோல் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறேன். அத்தை அரிசிம்பருப்புச் சோற்றை நெய் விட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஆறிவிடும் என்று இருமுறை சொன்னார்.

என்னிடம் மிஞ்சியிருந்தது, எழுத்துகளை எண்ணும் டபிள்யூசி (wc), எழுத்துகளை மாற்றவோ நீக்கவோ செய்யும் டிஆர் (tr) இரண்டும்தான். விரல் விட்டு எண்ணினேன். தறி எண்ணுக்கு இரண்டு இலக்கம், காற்புள்ளி, பிக்குக்கு மூன்று இலக்கம், காற்புள்ளி, நிலை எழுத்து. மொத்தம் எட்டு. வரி முடிவுக்கு ஒன்று சேர்த்தால் ஒன்பது. ஒரு நிமிடத்துக்குப் பன்னிரண்டு வரி என்றால் 108 பைட். கடைசிப் பன்னிரண்டு வரிகளை எடுத்து டபிள்யூசியிடம் கொடுத்தேன்: 120. வரிக்கு ஒன்று அதிகம். எது அந்த ஒன்று? வரி முடிவில் எஸ்ஸும் ஆரும் கெடுவதால் முடிவில்தான் இருக்க வேண்டும். டிஆர் கொண்டு கேரேஜ் ரிட்டர்ன் எழுத்தை (வரியின் தொடக்கத்துக்குத் திரும்பு என்னும், கண்ணுக்குத் தெரியாத குறி) நீக்கிவிட்டு மறுபடி எண்ணினேன்: 108.

காரணம் விளங்கிவிட்டது. இரண்டு வாரத்துக்கு முன் பழைய அர்டுயினோ பழுதாகி, புதியதில் நிரலை நினைவிலிருந்து எழுதியிருந்தேன். பழைய நிரலில் வரி முடிவில் புதுவரி எழுத்தை மட்டும் அனுப்பினேன். புதியதில் சீரியல் பிரிண்ட்எல்என் (Serial.println) என்ற நூலக வசதியைப் போட்டிருந்தேன். அது ஒவ்வொரு வரியின் முடிவிலும் கேரேஜ் ரிட்டர்னையும் புதுவரியையும் சேர்த்தே அனுப்பும். எஸ் என்று முடிய வேண்டிய இடத்தில் எஸ்ஸும் ஒளிந்த எழுத்தும் சேர்ந்து நின்றன. திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஒப்பிடும் நிரலுக்கு இரண்டும் வேறு. கேட் -வி இருந்திருந்தால் வரியின் கடைசியில் தொப்பிக்குறியும் எம்மும் (^M) தெரிந்திருக்கும், அரை நிமிடத்தில் முடிந்திருக்கும். எனக்கு இரண்டு மணி நேரம் ஆனது.

வரி முடிவை நூலக வசதியிடம் விடாமல் நானே அனுப்பும்படி அர்டுயினோ நிரலை மாற்ற வேண்டும் என்று குறித்துக்கொண்டேன். பழைய கோப்புகளை டிஆரால் சுத்தப்படுத்தினேன். அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. அந்த எஸ், ஆர் எழுத்தே தேவையில்லை. பிக் 000 என்றால் தறி நின்றிருக்கிறது; வேறென்ன சொல்ல வேண்டும்? படிக்க எளிதாக இருக்கட்டும் என்று ஒரு மாலையில் நான் சேர்த்த சிறு வசதி அது. எண்ணாக மட்டும் படித்திருந்தால், பின்னால் ஒட்டிக்கொண்ட கேரேஜ் ரிட்டர்னை ஆக் பொருட்படுத்தாமல் விட்டுவிட்டுப் பூஜ்யம் என்றே எடுத்துக்கொண்டிருக்கும். பழுது வந்து தங்கியதே அந்த வசதிக்குள்தான். மறுநாள் அதை எடுத்துவிட்டேன். வரி ஆறு எழுத்தாயிற்று.

இந்தக் கேட் -வி பற்றிய வாதம் நான் பிறப்பதற்கு முந்தையது. கேட் 1971இல் யூனிக்ஸ் இயங்குதளத்தின் முதல் பதிப்பிலேயே இருந்த கட்டளை. கோப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்துத் தருவது மட்டுமே அதன் வேலை. -வி பின்னர் பெர்க்லி யூனிக்ஸில் ஒட்டிக்கொண்டது. 1983இல், யூனிக்ஸ் பிறந்த பெல் ஆய்வகத்தின் ராப் பைக், யூனிக்ஸ் பயனர் சங்கமான யூசெனிக்ஸின் ஒரு மாநாட்டில் அதைத் தவறு என்று வாதிட்டார். மறுஆண்டு பிரையன் கெர்னிஹானுடன் சேர்ந்து எழுதிய கட்டுரையிலும் அதே வாதம். இணைப்பது ஒரு வேலை, தெரியாத எழுத்தைத் தெரியவைப்பது வேறு வேலை. இரண்டாவதற்குத் தனிக் கட்டளை எழுதி, ஒன்றின் வெளியீட்டை அடுத்ததற்கு ஊட்டும் பைப்பால் இணைத்துக்கொள்ளலாம் என்பது அவர்கள் பக்கம். 1973இல் டக் மெக்கில்ராயின் விடாமுயற்சியால் யூனிக்ஸுக்குள் பைப் வந்ததே இப்படிச் சிறு கருவிகளைக் கோப்பதற்குத்தான். பெல் ஆய்வகத்தின் பிற்கால இயங்குதளமான பிளான் 9இல் கேட்டுக்கு ஆப்ஷனே கிடையாது. யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரம் -யு என்ற ஒன்றை மட்டும் கேட்கிறது. லினக்ஸ் கணினிகளில் வழக்கமாக இருக்கும் க்னூ கேட்டில் அவை ஒரு டசனை நெருங்குகின்றன.

அன்றிரவு எனக்கு உதவியது பைக் சொன்ன வழிதான், அதை மறைக்க விரும்பவில்லை. டபிள்யூசியும் டிஆரும் தங்கள் வேலையை மட்டும் செய்யும் கருவிகள், சேர்த்ததும் கண்டுபிடித்துவிட்டன. ஆனால் அவர் சொன்ன தனிக் கட்டளை என் பெட்டியில் இல்லையே! இருந்திருந்தால் அதையும் ஆடியில் நான் வெட்டியிருப்பேன். இடம் தாராளமாக இருக்கும் கணினியில் அந்த வாதத்தை மனதார ஏற்கிறேன். பிளாக் எண்ணிச் செலவழிக்கும் பெட்டியில் தனிக் கட்டளையா ஆப்ஷனா என்பதைவிட, மாட்டிக்கொண்டு நிற்பவன் கைக்கு ஏதாவது ஒன்று எட்டுகிறதா என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

சிறு பெட்டிகளில் இந்த வழக்கைத் தீர்த்துக்கொள்ளும் பொறுப்பை பிஸிபாக்ஸ் நம்மிடமே கொடுத்துவிடுகிறது. 1995இல் புரூஸ் பெரன்ஸ் டெபியன் லினக்ஸ் நிறுவலை ஒரே ஃபிளாப்பிக்குள் அடக்குவதற்காகத் தொடங்கியது அது. பல நூறு கட்டளைகள் ஒரே நிரல் கோப்பாக இருக்கும். எது வேண்டும் எது வேண்டாம் என்று கட்டும்போதே தேர்ந்தெடுக்கலாம். பட்டியலில் கேட்டுக்குக் கீழே -விக்குத் தனிக் கட்டம், வரி எண் போடும் -என்னுக்குத் தனிக் கட்டம். எக்கோ, ஹெட், டெயில், ஸ்லீப் ஆகியவற்றின் கூடுதல் வசதிகளுக்கு அவர்கள் வைத்த பெயரே ஃபேன்ஸி என்பதுதான். வசதியைச் சேர்த்தவர்களே அதை இன்றியமையாததாக எண்ணவில்லை என்பது பெயரிலேயே தெரிகிறது, அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். இதற்கும் விலை உண்டு. இருபது கட்டங்கள் இருந்தால் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சேர்க்கைகள். எல்லாவற்றையும் யாரும் சோதித்துப் பார்க்க முடியாது. நான் தேர்ந்த சேர்க்கையைச் சோதிக்கும் முதல் ஆள் நானாகவே இருக்கக்கூடும்.

சனிக்கிழமை பீளமேட்டில் வீட்டில் உட்கார்ந்து, ஆடியில் செய்யாததைச் செய்தேன். பிஸிபாக்ஸின் மூல நிரலோடு புளோட்-ஓ-மீட்டர் என்ற சிறு நிரல் வருகிறது. லினக்ஸ் கெர்னலிலும் அது உண்டு. முதலில் மேக் பேஸ்லைன் கொடுத்தால் இப்போதைய நிலையைக் கட்டி வைத்துக்கொள்ளும். ஒரு வசதியை மாற்றிவிட்டு மேக் புளோட்செக் கொடுத்தால் எந்தச் செயற்கூறு எத்தனை பைட் கூடியது, எது குறைந்தது என்று பழையது, புதியது, வேறுபாடு என மூன்று எண்களாக வரிசைப்படுத்தும். பிஸிபாக்ஸை எழுதுபவர்கள் மாற்றங்களைப் பதிவு செய்யும்போது இந்தப் பட்டியலையும் சேர்த்தே போடும் வழக்கம் இருக்கிறது. ஒரு வசதியைப் பற்றி வாதம் செய்யும் முன் அதன் எடையை மேசைமேல் வைத்துவிடுகிறார்கள்.

கேட் -வியைச் சேர்த்துப் பார்த்தேன். கூடியது சில நூறு பைட். ரவுட்டரில் ஏற்றும் முழுப் படிமத்தையும் கட்டி அளந்தேன். அதே 56 பிளாக். ஸ்குவாஷ்எஃப்எஸ் எல்லாவற்றையும் சுருக்கிவைப்பதால் அந்தச் சில நூறும் இன்னும் குறைந்து, கடைசி பிளாக்கின் வெற்றிடத்துக்குள் அடங்கிவிட்டது. அதே சில நூறு பைட், கடைசி பிளாக் நிரம்பியிருந்தால் 64 கேபி கேட்டிருக்கும். ஆடியில் கேட்டது அதுதான். பைட்டில் அளந்தால் இரண்டும் ஒன்று. என் பெட்டி பைட்டில் செலவழிப்பதில்லை.

பிறகு படிமத்தில் இருந்த தொகுப்புகளின் பட்டியலைப் பொறுமையாகப் படித்தேன். பிபிபி, பிபிபிஓஇ, அவற்றுக்கான கெர்னல் பகுதிகள். இணைய நிறுவனத்தின் இணைப்புக்குப் பயனர் பெயர், கடவுச்சொல் கொடுத்து நுழைவதற்கானவை. இணையமே தொடாத பெட்டியில் முதல் நாளிலிருந்து உட்கார்ந்திருக்கின்றன. அவற்றை எடுத்ததும் படிமம் 53 பிளாக்குக்கு இறங்கியது. எஞ்சியது எட்டு. நூறு பைட் நூறு பைட்டாக நான் கட்டளைகளின் காதையும் மூக்கையும் அரிந்துகொண்டிருந்தபோது, யாரும் கேட்காத மூன்று பிளாக் அங்கேயே இருந்திருக்கிறது. யாரும் சேர்க்காமலேயே வந்தது என்பதால் அதை வீக்கம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஏற்றப் போனபோது மாமா தன் பட்டியலை வைத்திருந்தார். ஷிஃப்ட் வாரியாக மட்டும் போதாது, வார மொத்தமும் வேண்டும் என்றார். கூலியைக் கணக்குப் பார்ப்பது வாரத்துக்கு வாரம் என்பதால் அது நியாயம். ஏற்கெனவே உள்ள ஆக் நிரலில் நான்கு வரி, சேர்த்துவிட்டேன். தறி ஏன் நின்றது என்பதையும் பெட்டி சொல்ல வேண்டும் என்றார்.

"நூல் அறுந்ததா, பாவு தீர்ந்ததா, ஆள் சாப்பிடப் போயிருக்கிறாரா என்று காந்தத்துக்குத் தெரியாது மாமா" என்றேன்.

"ஒவ்வொரு தறிக்கும் நான்கு பொத்தான் வைத்துவிட்டால்?"

யோசித்தேன். பன்னிரண்டு தறிக்கு நாற்பத்தெட்டு பொத்தான், அத்தனைக்கும் ஒயர், இன்னொரு பலகை. அறுந்த நூலை முடிச்சுப் போட ஓடும் அக்கா, முதலில் பொத்தானைத் தேடி அழுத்த வேண்டும். தூண்களில் ஏற்கெனவே சிலேட்டும் சாக்குக்கட்டியும் தொங்குகின்றன; காரணத்தை அதில்தான் எழுதுகிறார்கள், தவறில்லாமல் எழுதுகிறார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மாமாவுக்கு அரைமனதுதான்.

மூன்றாவது கோரிக்கை தறி ஓட்டும் அக்காக்களுடையது. திரையில் எண்ணும் ஆங்கில எழுத்துமாக இருப்பது புரியவில்லை, தமிழில் வர வேண்டும். எஸ் என்றால் ஒரு பைட். "தறி 7 நின்றது" என்று எழுதினால் யுடிஎஃப்-8 முறையில் 33 பைட். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. எழுத்துருவைக் கைப்பேசி பார்த்துக்கொள்ளும், பெட்டியில் சில வரிகள் நீளும். அந்த எட்டு பிளாக் இருப்பதே இதற்காகத்தான்.

மாமாவின் மகன் டிப்ளமா படிக்கிறான். நான் இல்லாத நாட்களில் பெட்டி அவன் பொறுப்பு. அவனை உட்காரவைத்துக் கேட் -வியைத் தட்டச் சொன்னேன். சோதனைக்கென்று கேரேஜ் ரிட்டர்ன் சேர்த்த ஒரு வரியைக் கொடுத்தேன். "கடைசியில் ஏதோ ஒன்று கூட வருகிறதே மச்சான்" என்றான். டபிள்யூசியை வைத்து எண்ணும் வழியையும் காட்டினேன். அதை அவன் தன் நோட்டில் எழுதிக்கொண்டான். பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் மார்க்கரால் எழுதியிருக்கிறேன்: மொத்தம் 61, படிமம் 53, மீதி 8, ஐந்துக்குக் கீழே போகக் கூடாது. எதையாவது சேர்த்தால் இந்த எண்ணை அடித்துப் புதிய எண்ணை எழுத வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

மதியம் தறிகளை நிறுத்தியிருந்த நேரத்தில் மெயின் சுவிட்சை மூன்று முறை இறக்கி ஏற்றினேன். மூன்று முறையும் வைஃபை அதே பெயரில் வந்தது, வாரக் கணக்கு அப்படியே இருந்தது. ஏழாம் தறியில் புதுப் பாவு பிணைத்துக்கொண்டிருந்தார்கள். ஹெக்ஸ்டம்ப்பை இன்னும் திரும்பச் சேர்க்கவில்லை. கேட் -வி இருக்கும்போது அதற்கு வேலை வந்தால் பார்க்கலாம்.